மேடை ஏறாத ஆர்கெஸ்ட்ரா

விருத்தாசலத்தில் பஸ் ஏறி, தெற்கே கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று, ''இந்த ஊர்ல ஆர்கெஸ்ட்ரா உண்டா?'' என்று கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''ஏன் இல்லாம? மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வைக்கிறோமே! கீபோர்டு, டிரம்ஸ், பாடறதுக்கு ரெண்டு பொண்ணுங்க. முன்னெல்லாம் விடிய விடிய நடக்கும். இப்ப போலீஸ்காரங்க பத்து மணிக்கு மேல விட மாட்டேங்கறாங்க.''

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் அர்த்தம் அதுதான். திருவிழா மேடை, சீரியல் பல்பு, சினிமாப் பாட்டு. கோட்டு போட்ட எண்பது பேர் வரிசையாக உட்கார்ந்து வயலின் இழுக்க, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தர் குச்சியை ஆட்டுகிற சமாச்சாரத்தை நாம் டி.வி-யில்தான் பார்த்திருக்கிறோம். 'நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சேனலை மாற்றியும் இருக்கிறோம்.

சம்பந்தம் உண்டு. நிறையவே உண்டு!

இந்த வட்டாரம் பீங்கானுக்குப் பேர்போனது. பொம்மை தெரியும் உங்களுக்கு. சுவரில் கரன்ட் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் ஃப்யூஸ் இருக்குமே, அதுவும் விருத்தாசலத்துச் சரக்குதான். வீடு முழுக்க விளக்கு எரிகிற வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சொல்லப்போகிற ஆர்கெஸ்ட்ராவும் கிட்டத்தட்ட அதே ஜாதி. நாற்பது வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வாசித்தது. ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை.

முதலில், இந்த ஆர்கெஸ்ட்ரா என்கிற விஷயம் வெளிநாட்டில் எப்படி ஊர்ச்சொத்து ஆனது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஜெர்மனியில் லைப்சிக் என்று ஒரு வியாபார நகரம். அங்கே 1743-ல் ஊர்ப் பெரிய மனிதர்கள் பதினாறு பேர் சேர்ந்து, பதினாறு வாத்தியக்காரர்களை வைத்து ஒரு சபா ஆரம்பித்தார்கள். ராஜா இல்லை, அரண்மனை இல்லை. கச்சேரி நடந்தது ஒரு சத்திரத்தில். கூட்டம் தாங்காமல் 1781-ல் துணி வியாபாரிகளின் கட்டடத்துக்கு இடம் மாறினார்கள். ஜெர்மன் மொழியில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் 'கெவாந்த்ஹவுஸ்'. துணி வீடு! உலகப் புகழ்பெற்ற அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். சரவணா ஸ்டோர்ஸ் மாடியில் ஒரு சிம்பொனி பிறந்த மாதிரி.

நம் ஊரில்? இங்கே கதை அரண்மனையில் ஆரம்பிக்கிறது.

தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே நாட்டைக் கிழக்கிந்திய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கோட்டையும் ஓய்வூதியமுமாக உட்கார்ந்துவிட்டார். ராஜ்ஜியம் போன ராஜாவுக்கு நேரத்துக்குப் பஞ்சமா? புத்தகம் சேர்த்தார், வைத்தியம் பார்த்தார், கூடவே ஒரு மேற்கத்திய பேண்டு வைத்துக்கொண்டார். ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்த பிள்ளை. ஐரோப்பிய இசையை அவர் வேடிக்கைக்காக வைத்துக்கொள்ளவில்லை. அவர் வாங்கிச் சேர்த்த மேற்கத்திய இசைத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன.

அதே காலகட்டத்தில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இன்னொரு காரியம் நடந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். அண்ணனோ, கம்பெனிப் பட்டாள பேண்டு வாசித்த மெட்டுகளை எடுத்து, அதற்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று இன்றைக்கும் பாட்டு டீச்சர்கள் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அதுதான். அதில் ஒரு பாட்டின் மெட்டு, சாட்சாத் பிரிட்டிஷ் தேசிய கீதம்! நம் பிள்ளைகள் அம்பாளைக் கும்பிடுவதாக நினைத்துக்கொண்டு இங்கிலாந்து ராஜாவின் மெட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படித்தான் வயலின் நமக்கு வந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் கொடிகட்டிப் பறந்தார். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பேண்டிலிருந்த கிளாரினெட் மெதுவாக நழுவி சதிர்க் கச்சேரிக்குள் போனது, அங்கிருந்து கல்யாண ஊர்வலத்துக்கும் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாத்தியங்கள் வந்தன. அவற்றை ஐம்பது பேராக உட்கார்ந்து, ஆளுக்கொன்றாக, ஒரே சமயத்தில் வாசிக்கிற வழக்கம் மட்டும் வரவில்லை. நம்முடையது ஒரு பாடகர், பக்கத்தில் இரண்டு மூன்று பேர் என்கிற சங்கீதம். அதற்கு எதற்கு முப்பது வயலின்?

அதற்குத் தேவை ஏற்பட்டது சினிமாவில்.

ஜெமினி ஸ்டுடியோ, ஏவி.எம். போன்ற இடங்களில் 1940-களில் வாத்தியக்காரர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். தச்சர், பெயின்டர், தையல்காரர் மாதிரி வயலின்காரரும் ஸ்டுடியோ ஊழியர். காலையில் வருவார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார். 1948-ல் வாசன் எடுத்த 'சந்திரலேகா' படத்தை இன்றைக்கு இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அந்த முரசு நடனத்தைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அத்தனை பேரையும் ஒரே தாளத்தில் கட்டி மேய்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

யார் இந்த வாத்தியக்காரர்கள்? அதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம்.

மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை என்று வயலின் மேதை ஒருவர் திருச்சியில் இருந்தார். அவருடைய பேரன் டி.கே.ராமமூர்த்தி சினிமாவுக்கு வயலின் வாசிக்க வந்தார். பின்னாளில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி ஆனார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அக்ரஹாரத்துப் பிள்ளை ஒருத்தர் இருப்பார். அந்தப் பக்கம் சர்ச்சில் பாட்டுக் கற்றுக்கொண்ட தெற்கத்திக் கிறிஸ்தவர். டிரம்பெட்டில் ஓட்டல் பேண்டில் ஜாஸ் வாசித்த கோவாக்காரரோ ஆங்கிலோ இந்தியரோ. மேளக்காரர் வீட்டுப் பையன் தபேலாவில். ஆந்திரா, கேரளா எல்லாம் கலந்திருக்கும். வெளியே இவர்கள் ஒரே பந்தியில் சாப்பிட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். உள்ளே எல்லோருக்கும் ஒரே சுருதி.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் லேசுப்பட்ட காரியம் இல்லை. இப்போது போலத் தனித்தனி டிராக் கிடையாது. பாடகர், வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றிரண்டு மைக்கில். சத்தம் அதிகமான வாத்தியத்தைத் தள்ளி உட்காரவைப்பார்கள், மெதுவான வாத்தியத்தை மைக்குக்குக் கிட்டத்தில். ஒலிப்பதிவாளர் நாற்காலிகளை நகர்த்தியே 'மிக்ஸிங்' பண்ண வேண்டும்! நாலு நிமிஷப் பாட்டில் மூன்றே முக்கால் நிமிஷத்தில் ஒருத்தர் இருமினால் போச்சு. மறுபடியும் முதலிலிருந்து.

இன்னொரு கஷ்டமும் உண்டு. வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் ஒரே மாதிரி ஐந்து கோடு போட்ட நோட்டைப் படிப்பார்கள். இங்கே ஒருத்தர் அதைப் படிப்பார், பக்கத்து ஆள் 'ஸரிகம' எழுதி வைத்துக்கொள்வார், இன்னொருத்தர் காதால் கேட்டு மனப்பாடமாக வாசிப்பார். இப்படி மூன்று பாஷையில் படித்து ஒரே பாஷையில் பேசினார்கள். 1964-ல் வந்த 'புதிய பறவை'யில் சிவாஜி நிம்மதி தேடி அலைகிற பாட்டு நினைவிருக்கிறதா? அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெரிய வாத்தியக் கூட்டத்தை உட்காரவைத்து எடுத்தது. மைக்குக்கு முன்னால் பாடுகிறவரைவிட, பின்னால் இருந்து அலை மாதிரி மோதுகிறதே, அந்தக் கூட்டத்தைக் கேளுங்கள்.

அந்த அலை ரேடியோ வழியாகக் கருவேப்பிலங்குறிச்சிக்கும் வந்தது. டெண்டு கொட்டகையில் வந்தது. கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில், வயற்காட்டைத் தாண்டி, வெள்ளாற்றங்கரை வரைக்கும் கேட்டது. நாற்று நடுகிறவர் முப்பது வயலினையும் செல்லோவையும் கேட்டுக்கொண்டே நட்டார். லைப்சிக்கில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்தது, இங்கே காசில்லாதவர்களுக்கும் காது இருந்தால் கிடைத்தது. உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு ஆர்கெஸ்ட்ரா இவ்வளவு ஏழை ஜனங்களிடம் போய்ச் சேர்ந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, வாசித்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

டைட்டிலில் இசையமைப்பாளர் பெயர் வரும். பாடியவர் பெயர் வரும். இவர்கள் பெயர் 'குழுவினர்'. அவ்வளவுதான். ஸ்டுடியோக்களின் மாதச் சம்பள காலம் முடிந்து, தயாரிப்பாளர்கள் படத்துக்குப் படம் ஆள் பிடிக்க ஆரம்பித்ததும் இவர்கள் தினக்கூலி ஆனார்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று தெரியாது. வாசித்த காசுக்கு அலைய வேண்டும். அடுத்த வாரம் கூப்பிடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வாயைத் திறக்கவும் பயம்.

அப்போதுதான் எம்.பி.சீனிவாசன் வருகிறார்.

எம்.பி.எஸ். 1925-ல் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட். ஜாலியன்வாலாபாக் கூட்டம் எதற்காகக் கூடியது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கைதான தலைவர்களுக்காக. அதில் ஒருவர் டாக்டர் சைபுதீன் கிச்லு. அவருடைய மகள் ஜாஹிதாவைத்தான் எம்.பி.எஸ். திருமணம் செய்துகொண்டார். 1960-ல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் பாட்டு எழுதிய படம். பாட்டுகள் நின்றன, படம் ஓடவில்லை. பிறகு மலையாளத்தில் நிறைய செய்தார். அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படமான 'சுயம்வரம்' அவர் இசைதான்.

ஆனால் அவருடைய பெரிய சாதனை எந்தப் படத்திலும் இல்லை. சினி மியூஸிஷியன்ஸ் யூனியன் என்று வாத்தியக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் அமைத்தார். தானே ஒரு இசையமைப்பாளர். சங்கம் வலுத்தால் செலவு கூடப்போவது தன்னைப் போன்றவர்களுக்கும்தான் என்று தெரியாதவரா? தெரிந்தேதான் செய்தார். ஒரு கால்ஷீட் என்றால் இத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் கூடுதல் காசு, வேலைக்கு இன்ன கூலி. கேட்க சாதாரணமாக இருக்கிறது. மில் தொழிலாளிக்கு இருந்த உரிமை வயலின் தொழிலாளிக்கு இல்லாத காலத்தில் அது சாதாரணம் இல்லை.

இதே மாதிரி ஒரு சண்டை லண்டனிலும் நடந்திருக்கிறது. 1904-ல் ஹென்றி வுட் என்கிற நடத்துனர், 'இனிமேல் உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்பக் கூடாது' என்று தன் வாத்தியக்காரர்களுக்கு உத்தரவு போட்டார். கூலி போதாமல் நாலு இடத்தில் வாசித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். நாற்பது பேர் வெளியேறித் தாங்களே ஒரு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்தார்கள். இன்றைய லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா! அங்கே வெளியேறியவர்களுக்கு டிக்கெட் வாங்கிக் கேட்க ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு மேடை கிடையாது. சினிமாவை விட்டால் அந்த முப்பது வயலினுக்கும் வேலை கொடுக்க வேறு நாதி இல்லை. இதை எழுதும்போது எனக்குத் தோன்றுகிறது, எம்.பி.எஸ்-ஸின் சங்கம் நின்றது மொட்டைப் பாறையில்.

அவர் அதோடு நிற்கவும் இல்லை. 1970-களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். ஆபீஸ் போகிறவர்கள், காலேஜ் படிக்கிறவர்கள், சங்கீதமே தெரியாதவர்கள் எல்லோரையும் கூட்டி, ஒரே பாட்டை வேறு வேறு ஸ்தாயியில் ஒன்றாகப் பாடவைத்தார். 'ஆளுக்கொன்றைப் பாடினாலும் அது ஒரே பாட்டு' என்கிற சமாச்சாரத்தைப் பழகிக்கொள்ள நமக்கு இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது! 1988 மார்ச்சில் அவர் இறந்தபோது லட்சத்தீவில் இருந்தார்.

இன்னொரு செங்கொடிக் குடும்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். 1958-ல் கேரளாவில் தேவிகுளம் இடைத்தேர்தலுக்குப் போய்ப் பாடியே ஓட்டு சேர்த்தவர். ஆர்மோனியமும் தபேலாவுமாக ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் கச்சேரி. கருவேப்பிலங்குறிச்சிக்காரர் சொன்ன அர்த்தத்தில் அதுவும் ஒரு ஆர்கெஸ்ட்ராதான். அந்த மேடையில் ஆர்மோனியம் வாசித்த தம்பி, 1960-களின் கடைசியில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்பவரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976-ல் 'அன்னக்கிளி'. மற்றது உங்களுக்குத் தெரியும்.

இளையராஜா செய்த காரியத்தை வாத்தியக்காரர்கள் பக்கமிருந்து பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பிரசாத் ஸ்டுடியோவில் உட்கார்ந்தால், அந்த இடத்திலேயே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். ஆளுக்கு ஆள் தங்கள் பகுதியைப் பார்த்து எழுதிக்கொண்டு, ஒருமுறை வாசித்துப் பார்த்து, டேக். மத்தியானத்துக்குள் பாட்டு ரெடி. ஐரோப்பாவில் ஒரு ஆர்கெஸ்ட்ரா ஒரு வாரம் ஒத்திகை பார்க்கும். இவர்கள் பத்து நிமிஷத்தில் வாசித்தார்கள். தினமும். பல வருஷங்கள். 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் பாக்கையும் தியாகராஜரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாரே, அதைத் தாங்கியது இந்தப் பயிற்சிதான். அப்போது கோடம்பாக்கத்தில் ஒரு சிம்பொனிக்குரிய கூட்டம் தயாராக இருந்தது. பெயர்ப்பலகைதான் இல்லை.

வேடிக்கை பாருங்கள், அதே 1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தது. கம்ப்யூட்டர் இசை என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். 1992-ல் 'ரோஜா'. வீட்டு ஸ்டுடியோவில், கீபோர்டும் கம்ப்யூட்டருமாக ஒரு இளைஞர் உலகத்தையே கேட்கவைத்தார். அருமையான இசை, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு பட்டனை அழுத்தினால் முப்பது வயலின் சத்தம் வருகிறது என்றால், முப்பது பேருக்கு எதற்குக் கால்ஷீட்? தனித்தனியாகக் கூப்பிட்டு, தனித்தனியாகப் பதிவு செய்யலாம் என்றானது. பக்கத்து நாற்காலியில் யார் என்றே தெரியாது. பெரிய ஹால் நிறைய எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்ட காலம் மெதுவாக முடிந்தது. வயலின்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினீயரிங் படிக்கப் போனார்கள். யாரைக் குறை சொல்வது? அப்பா சைக்கிளில் வயலின் பெட்டியோடு அலைந்ததைப் பார்த்த பிள்ளைகள்.

அதனால் என்ன ஆயிற்று?

2005-ல் இளையராஜா திருவாசகத்தை இசைத்தார். திருவாசகம் எங்கள் நாட்டுச் சரக்கு. திருப்பெருந்துறையும் சிதம்பரமும் பாடிய மாணிக்கவாசகர், இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் சிதம்பரம் போய்விடலாம். ஆனால் வயலின் வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. 1993-ல் அவர் எழுதிய சிம்பொனியை வாசித்தது லண்டன் ராயல் பில்ஹார்மோனிக். அது கடைசிவரை வெளியாகவே இல்லை. 2025 மார்ச் 8-ம் தேதி அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது, அதுவும் லண்டனில்தான். தமிழ்நாடே கைதட்டியது, நானும் தட்டினேன். தட்டும்போதே ஒரு உறுத்தல். மேடையில் இருந்த முகங்களில் கோடம்பாக்கத்துக்காரர்களைத் தேடினேன்.

மும்பையில் 2006-ல் 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' ஆரம்பித்தார்கள். நாட்டின் ஒரே முழுநேரத் தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதன் நாற்காலிகளை நிரப்ப வெளிநாட்டிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டியிருந்தது. பாதை வேறு பக்கமும் திறந்திருக்கிறது. வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாத்தியக் கூட்டத்தைக் கலைத்தவர் என்று சிலர் குறைப்பட்டார்களே, அந்த ஏ.ஆர்.ரஹ்மான்தான் 2008-ல் சென்னையில் இசைக்கல்லூரி ஆரம்பித்து, அதை ஒட்டியே வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'வையும் உருவாக்கினார். வெனிசுலாவில் 1975-ல் அப்ரேயு என்பவர் சேரிப் பிள்ளைகளின் கையில் வயலினைக் கொடுத்து ஆரம்பித்த இயக்கத்தின் சாயல் அதில் உண்டு. வீட்டில் இன்னொரு வாத்தியக்காரர் இல்லாத பிள்ளைகள், நோட்டைப் படித்து, ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாக வாசிக்கிறார்கள். அவர்களுக்கு மேடையும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

நான் போன அன்றைக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் திருவிழா இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தது. டீக்கடைக்காரரே வழி சொன்னார். போனேன். ஒன்பதரை மணிக்கு 'ராஜா ஸாங் ஒண்ணு போடுங்கப்பா' என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. பாடகர் பல்லவியை முடித்தார். கீபோர்டுக்காரர், இருபத்தைந்து வயசுகூட இருக்காது, இடது கையால் ஒரு பட்டனை அழுத்திவிட்டு இடையிசையை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு இடத்தில் விரல் தடுக்கியது. முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அந்த வயலின் மெட்டைத் 'தன்ன னன்னா' என்று வாயாலேயே பாடி முடித்தார்கள். வார்த்தையே இல்லாத இடம் அது. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.